அடுத்தவர் இலை

ஜூன் 2, திங்கள்

இன்று ஐம்பத்து நான்கு அட்டைகளையும் வெட்டி முடித்தேன். மூலைகளை வளைவாக வெட்ட ஹாரூன் அண்ணன் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறார். பெரிய நகவெட்டி மாதிரி இருக்கிறது. அட்டைக்கு நாலு மூலை. இருநூற்றுப் பதினாறு முறை அமுக்கினேன். கட்டைவிரல் தடித்துவிட்டது.

விளையாட்டின் பெயர் ‘பந்தி’. ஆளுக்கு ஒரு வாழை இலை, தடித்த அட்டையில் அச்சிட்டது, மேசையில் அவரவர் முன்னால் இருக்கும். கையில் ஐந்து அட்டை. சோறு, சாம்பார், கூட்டு, பொரியல், வடை, அப்பளம், பாயசம், ஏழும் யார் இலையில் முதலில் சேர்கிறதோ அவருக்கு வெற்றி. சும்மா சேர்க்க விடமாட்டார்கள். நடுநடுவே சேட்டை அட்டைகள் வரும், மொத்தம் பன்னிரண்டு. அவற்றில் ‘அடுத்தவர் இலையிலிருந்து ஒன்று எடு’ என்று எழுதியிருக்கும்.

விளையாட்டை யோசித்தது தமயந்தி மேடம். பதினாறு வருடம் கணக்கு டீச்சராக இருந்து, வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கியவர். படங்கள் ஹாரூன் அண்ணனுடையவை. மேடம் விதிகளை ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். தமிழில் எழுதி, எழுத்துகளை அட்டையில் அடுக்கியது நான். எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான்தான், பி.ஏ. தமிழ். அதனால் ‘தமிழை பேச்சி பாத்துக்குவா’ என்று இருவரும் விட்டுவிடுகிறார்கள். சாய்பாபா காலனியில் ஒரு மாடி, மூன்று பேர். இதுதான் ஆபீஸ்.

ஜூலை பதினைந்தோடு என் மூன்று மாதப் பயிற்சி முடிகிறது. பந்தி அச்சுக்குப் போனால் நான் நிரந்தரம், போகாவிட்டால் மூன்றாவது ஆளை வைத்துக்கொள்ள முடியாது என்று மேடம் சேர்த்த அன்றே சொல்லிவிட்டார். சிவகாசி அச்சகத்தில் ஜூலை பன்னிரண்டு வரைதான் நமக்கு இடம். ஆடி பிறந்தால் காலண்டர் வேலை தொடங்கிவிடும். அப்புறம் மெஷின் பக்கமே போக முடியாதாம்.

வீட்டுக்குப் போன் பண்ணினேன். அப்பாவிடம் ‘அட்டை டிசைன்’ என்று சொல்லியிருக்கிறேன். அட்டைப்பெட்டி என்று எடுத்துக்கொண்டார். சங்கரன்கோவிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் ‘மவ பொட்டி கம்பெனில இருக்கா’ என்கிறாராம். நான் திருத்தவில்லை. ஆபீசிலும் நாங்கள் கார்டு என்போம், அட்டை என்போம். சீட்டு என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அது வசதியாக இருக்கிறது.

ஜூன் 7, சனி

வடவள்ளியில் ஒரு அடுக்ககத்தின் சங்க அறையில் முதல் சோதனை ஆட்டம். அங்கே குடியிருக்கும், மேடத்துக்குத் தெரிந்த பெண்கள் நாலு பேர். எங்களுக்கு ஒரே விதி: பெட்டியைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்கக் கூடாது. அவர்களே விதித்தாளைப் படித்து, அவர்களே ஆட வேண்டும். நாங்கள் ஓரமாக உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். கடைசியில் அவர்களுக்கு ஒரு தாள் தருவோம். பத்துக்கு எத்தனை, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை.

வாயைத் திறக்காமல் இருப்பதற்கு ஒரு வேலை. எனக்காகவே உண்டாக்கியது போல் இருந்தது.

ஒரு அக்கா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏனுங் தமயந்தி, எந்த மண்டபத்துலீங்?” என்றார்.

“பொண்ணு மாப்பிள்ள பேரக் காணோமுங்,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். நான் குனிந்து எழுதினேன்: ‘கல்யாணப் பத்திரிகை போல் உள்ளது.’ காலேஜ் முடித்த பிறகு ஊரில் பிளக்ஸ் கடையில் இரண்டு வருடம் இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. கம்ப்யூட்டரில் கோரல் டிரா வைத்து டிசைன் போடக் கற்றதே அங்கேதான். கை தானாகவே மாங்காய் பார்டர் போடுகிறது.

இன்னொன்றும் பார்த்தேன். அட்டைகளை விசிறி போல் விரித்துப் பிடிக்கும்போது ஒவ்வொன்றிலும் இடது மேல் மூலை மட்டும்தான் கண்ணில் படுகிறது. பதார்த்தத்தின் பெயரை நான் கீழே நடுவில் வைத்திருந்தேன். கட்டைவிரல் அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறது. கையில் என்ன இருக்கிறது என்று தெரிய ஒவ்வொன்றாக வெளியே இழுக்கிறார்கள். இழுத்தால் பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுகிறார்.

திரும்பும்போது இதைச் சொன்னேன். ஹாரூன் அண்ணன் பைக்கை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “கட்டவெரல எல்லாம் யாரு பாப்பாங்க? எங்க கத்துக்கிட்ட இத?”

சும்மா பார்த்தேன் என்றேன்.

ஜூன் 9, திங்கள்

பார்டர் அத்தனையும் எடுத்தேன். பெயர் இடது மேல் மூலைக்குப் போனது. அதன் கீழே சின்னப் படம். அட்டை மொட்டையாக நிற்கிறது. மேடம், “இப்பத்தான் சோறு தெரியுது” என்றார்.

ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை. இரண்டு வாளி துணி ஊறிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 14, சனி

காலேஜ் மாணவர்கள் ஐந்து பேர். ஒரே கூச்சல். சேட்டை அட்டை வந்தால் யார் இலையில் வேண்டுமானாலும் கை வைத்தார்கள். எல்லாருமாகச் சேர்ந்து ஒருவன் இலையைத் துடைத்து எடுத்தார்கள். அவனும் சிரித்தான், “டேய், தண்ணியாவது ஊத்துங்கடா” என்றான். விதியை மதிக்காத பையன்கள் என்று நினைத்துக் குறிப்பில் எழுதவில்லை.

பத்துக்கு ஒன்பது, ஒன்பது, பத்து, எட்டு, ஒன்பது. மேடம் எங்கள் மூன்று பேருக்கும் பன் பட்டர் ஜாம் வாங்கித் தந்தார்.

ஜூன் 15, ஞாயிறு

அப்பா போனில் பேசினார். “பொட்டில என்ன எழுதுவ? இந்தப் பக்கம் மேலன்னு அம்புக்குறி போட்டிருப்பாவள்ளா, அதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தம்பி பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறானாம். அம்மாவுக்கு முழங்கால் வலி.

ஜூன் 21, சனி

துடியலூர்ப் பக்கம் ஒரு தையல் யூனிட். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான்கு பெண்கள் ஆடினார்கள். பாதி ஆட்டத்தில் நின்றுவிட்டது. இரண்டு பேர் ஒரு திசையில் எடுத்தார்கள், இரண்டு பேர் எதிர்த்திசையில் எடுத்தார்கள். மாற்றி மாற்றி முறைத்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் வந்து நின்றதும் எழுந்துவிட்டார்கள்.

பத்துக்கு மூன்று, நான்கு, மூன்று. ஒருவர் எண்ணே போடவில்லை. ‘ஒரே கொழப்பம்’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஜூன் 24, செவ்வாய்

மேடம் தாள்களை மேசையில் இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்திருந்தார். ஒன்றில் எட்டு, ஒன்பது, பத்து; இன்னொன்றில் மூன்று, நான்கு. நடுவில் எதுவும் இல்லை.

“நாப்பது பேப்பர் திருத்தினா முப்பத்தஞ்சு பேரு நடுவுல நிப்பாங்க,” என்றார். “இப்படி ரெண்டாப் பொளந்து நான் பாத்ததே இல்ல. எல்லாரும் கொழப்பம், கொழப்பம்ங்கறாங்க. எது கொழப்பம்?”

மேடமே இரண்டு அட்டைகளை எடுத்துப் பக்கம்பக்கமாக வைத்தார்.

“ஹாரூன், உன் கூட்டும் பொரியலும் ஒரே மாதிரி இருக்குது. அப்பளத்தையும் வடையையும் தூரத்துலருந்து பாத்தா ரெண்டும் வட்டம். அதான் கொழப்பம். எல்லாத்தையும் திருப்பி வரஞ்சுரு.”

“எல்லாத்தையுமா மேடம்?”

“நாப்பத்திரண்டு பதார்த்தக் கார்டும்.”

அண்ணன் பழைய படங்களை ஓரமாக நகர்த்தினார். பிறகு பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். கூட்டும் பொரியலும் எனக்கு வேறு வேறாகத்தான் தெரிந்தன. நான் படம் வரைகிறவள் இல்லை என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 28, சனி

சிங்காநல்லூரில் ஒரு வீடு. கணவன், மனைவி, கணவரின் தங்கை, பத்து வயதுப் பெண் ஒருத்தி. அந்தப் பெண் வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரப் பிள்ளை, அதிகம் பேசவில்லை. அட்டைகளில் பழைய படங்கள்தான், புதியவை இன்னும் ஆகவில்லை.

கணவர் கையில் சேட்டை அட்டை வந்தது. மேசைக்கு எதிர்ப்பக்கம் கையை நீட்டி அந்தப் பெண்ணின் இலையிலிருந்து பாயசத்தை எடுத்தார்.

“அங்க ஏங்க போறீங்க? நாந்தானே அடுத்து?” என்றார் மனைவி.

“அடுத்தவங்க இலைலன்னுதானே போட்டிருக்குது. நம்ம இலை இல்லாம யாரு இலையா இருந்தா என்ன?”

“அடுத்தவருன்னா அடுத்து ஆடறவரு.”

“அடுத்தவங்க பொருள் மேல ஆசப்படாதேன்னா, அடுத்து ஆடறவங்க பொருள் மேலன்னா அர்த்தம்?”

கணவரின் தங்கை அண்ணன் கட்சியில் சேர்ந்து அந்தப் பெண்ணின் வடையை எடுத்தார். அடுத்த சுற்றில் சோறும் போனது. இலையில் ஒன்றும் இல்லை. அவள் அட்டைகளை அடுக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, “நான் டிவி பாக்கறேன்” என்று எழுந்து போனாள்.

நான் நோட்டில் ‘அடுத்தவர்’ என்று எழுதினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவர்கள் விதியை மீறவில்லை. தையல் யூனிட்காரர்களும் தப்பாக ஆடவில்லை. படத்தில் குழப்பம் இல்லை. மேடம் எழுதித் தந்தது ‘நெக்ஸ்ட் பிளேயர்’. அதற்கு இந்தச் சொல்லைப் போட்டது நான்.

மேடம் பக்கத்து அறையில் போனில் இருந்தார், எதையும் பார்க்கவில்லை. ஹாரூன் அண்ணன் வரவில்லை, படம் வரைந்துகொண்டிருந்தார்.

ஜூன் 29, ஞாயிறு

துணி துவைத்தேன். செருப்பு வார் அறுந்துவிட்டது, தைத்து வாங்கினேன். மேடத்துக்குப் போன் பண்ணலாம் என்று எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

இன்று சொல்லலாம் என்று இருந்தேன். அச்சகத்திலிருந்து ஆள் வந்துவிட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

மேடத்துக்குத் தலைவலி.

ஜூலை 2, புதன்

ஹாரூன் அண்ணன் இருபத்தாறு படம் முடித்திருக்கிறார். புது அப்பளத்தில் ஓரம் பொரிந்து குமிழ்கூடத் தெரிகிறது. அவ்வளவு அழகு. “எப்படி இருக்கு?” என்று கேட்டார். நல்லா இருக்குண்ணே என்றேன். அது பொய் இல்லை.

இதுவும் எழுதிவிடுகிறேன். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் தறிக்கொட்டகைக்குப் பின்னால் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். அவர்கள் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் விரித்த துண்டில் ரூபாய் கிடக்கும். தூக்குவாளியோடு பின்னால் நிற்பேன். யார் கையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். “பாத்தத வெளிய சொல்லப்படாது, என்ன” என்பார் அப்பா. சொன்னதில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மா, “அங்க என்ன செய்தாவ?” என்று கேட்பாள். அவளிடமும் சொன்னதில்லை. ஒரு ஆவணியில் அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்தாள். பிறகு அப்பா வந்து கூப்பிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜூலை 3, வியாழன்

ஹாரூன் அண்ணன் தன் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். இந்த ஞாயிறு மலம்புழா அணைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாராம். “இந்த வாரம் முடியாதுடா கண்ணு. வாப்பாவுக்கு இன்னும் பதினஞ்சு வடை சுடணும்” என்றார். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் எனக்கும் கேட்டது.

நான் கம்ப்யூட்டரில் எழுத்துருவின் இடைவெளியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

ஜூலை 4, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலையில் ஒரு சேட்டை அட்டையை எடுத்துக்கொண்டு மேடம் மேசைக்குப் போனேன். அதை மேசையில் வைத்தேன். “மேடம், இத ஒரு தடவ படிச்சு, யாருட்ட எடுப்பீங்கன்னு சொல்லுங்க.”

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “அடுத்தவர் இலையிலிருந்து. நெக்ஸ்ட் பிளேயர்கிட்ட.”

“அடுத்தவங்க விஷயத்துல தலையிடாதேன்னா?”

மேடம் அட்டையை மறுபடி படித்தார். ஹாரூன் அண்ணன்தான் நாற்காலியோடு திரும்பினார். “அது எல்லாரையுந்தானே.”

“ரெண்டுமே சரிதானே பேச்சி,” என்றார் மேடம்.

“ஆமா மேடம். ரெண்டும் சரி. அதான் தப்பு.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மாணவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் எடுத்தார்கள், அதனால் ஒன்பது. தையல் யூனிட்டில் பக்கத்தில் இருப்பவர் என்று எடுத்துக்கொண்டார்கள், ஆனால் வலதா இடதா என்று தெரியவில்லை, அதனால் மூன்று. சிங்காநல்லூரில் ஒரே மேசையில் இரண்டு அர்த்தம். நம் மூன்று பேருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம், நாம் அட்டையைப் படிக்கவே இல்லை, ஆங்கிலத்தை ஞாபகம் வைத்து ஆடினோம். இவ்வளவு நீளமாக நான் இந்த ஆபீசில் பேசியது இல்லை. நடுவில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

“வார்த்த நான் போட்டது மேடம். படத்துல ஒரு தப்பும் இல்ல.”

மேடம் அட்டையைத் திருப்பி வைத்தார். “எப்பத் தெரிஞ்சுது?”

“சனிக்கிழமை.”

“இன்னிக்கு வெள்ளி.”



ஹாரூன் அண்ணன் பேனாவை மூடினார். “பேருதான் பேச்சி,” என்றார். சிரிக்கவில்லை. “ஒரே ஒரு வார்த்த. அதுக்கு நான் முப்பத்தொண்ணு வரஞ்சிருக்கேன்.” எழுந்து வெளியே போய்விட்டார்.

அச்சுக்கு எட்டு நாள் இருக்கிறது. மேடம் மாலைவரை என்னிடம் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், “நாளைக்கு ஒம்பதுக்கு வா. வார்த்தய மாத்தறதுன்னா நீதான் மாத்தோணும்” என்றார்.

ஜூலை 5, சனி

ஹாரூன் அண்ணன் டீ வாங்கி வந்தார். இரண்டு.

நான் எழுதிப் பார்த்தவை: வலப்பக்கத்தவர். வலதுகைப் பக்கம் இருப்பவர். சோத்தாங்கைப் பக்கம். கடைசியாக எழுதியதைப் படித்து மேடம் சிரித்துவிட்டார். வலது இடது தெரியாத பிள்ளைக்கும் சாப்பிடுகிற கை தெரியும், பந்திக்கும் பொருத்தம், அதையே வை என்றார். மாணவர்கள் ஆடியதில் இருந்த கலகலப்பும் போகக் கூடாது என்று மேடம் பன்னிரண்டைப் பாதியாகப் பிரித்தார். ஆறு அட்டையில் ‘யார் இலையிலிருந்தும் ஒன்று எடு’. அதில் குழப்பமே இல்லை. ஒரே ஆளைக் காலி செய்யாமல் இருக்க, ஓர் இலையில் கடைசியாக இருக்கும் ஒன்றைத் தொடக் கூடாது என்றும் சேர்த்தார். மற்ற ஆறில் ‘சோத்தாங்கைப் பக்கம் இருப்பவர் இலையிலிருந்து ஒன்று எடு’.

பன்னிரண்டு அட்டை, நாற்பத்தெட்டு மூலை.

ஜூலை 6, ஞாயிறு

வடவள்ளி சங்க அறை. இந்த முறை வேறு ஆட்கள், ஆறு பேர். சோத்தாங்கை என்று படித்ததும் சிரிப்பு. எனக்கும் நிம்மதியாக இருந்தது, சரியாகப் பத்து நிமிடத்துக்கு.

காலேஜில் படிக்கிற ஒரு பெண் இடது பக்கம் கையை நீட்டினாள்.

“அது பீச்சாங்க கண்ணு,” என்றார் பக்கத்து அம்மா.

“நான் இதுலதாங்க ஆன்ட்டி சாப்புடுவேன்.”

“அதச் சொல்லாதீங், வீட்ல ஏற்கெனவே பாட்டு வாங்கிட்டிருக்கறா,” என்றார் அவளுடைய அம்மா. எல்லாரும் அந்தப் பெண்ணையே பார்த்தார்கள். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். இன்னொரு முறை ஓர் ஆளின் முகத்தைச் சுருங்க வைக்கும் சொல்லை எழுதியிருக்கிறேன் என்று தோன்றியது. குறிப்பில் பெரிய எழுத்தில் எழுதினேன்.

ஆட்டம் தொடர்ந்தது. அவளுக்கு வழி சொல்ல, எதிரே இருந்த ரிட்டயர்டு போஸ்ட்மேன் ஒருவர் மேசையில் இருந்த அவளுடைய இலையைக் காட்டினார். “கைய விடு பாப்பா. இலை நுனி அந்தப் பக்கம் பாக்குதல்ல? அங்க ஒக்காந்திருக்காங்களே, அவங்கள உட்டுட்டு இந்தப் பக்கம் இருக்கறவங்ககிட்ட எடு.”

அவள் உடனே சரியாக எடுத்தாள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். இலை நுனி. எல்லார் முன்னாலும் இலை இருக்கிறது. நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, மாற்றிப் போட்டிருந்தாலும் தாங்களே திருப்பி வைத்துவிடுவார்கள். கையை நினைக்க வேண்டாம், திசையை நினைக்க வேண்டாம். வலப்பக்கம் என்பதையே விட்டுவிடலாம், நுனி யாரைப் பார்க்கிறதோ அவர்.

இந்த முறை நாள் கடத்தவில்லை. படி இறங்கும்போதே சொன்னேன். மேடம் ஒரு படி மேலே நின்று கேட்டார். “ஆறு கார்டயும் மாத்து,” என்றார். “ஹாரூனுக்கு நீயே போன் பண்ணு. நுனில ஒரு சின்ன அம்பு மாதிரி வரையச் சொல்லு.”

போன் பண்ணினேன். மூன்றாவது மணியில் எடுத்தார். மலம்புழாவில் இருந்தார், பின்னால் தண்ணீர்ச் சத்தம். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். “அம்பு வேணாம்,” என்றார். “நுனிய இன்னுங் கொஞ்சம் கூராக்கி, நரம்ப அந்தப் பக்கமா இழுத்துவிட்டாப் போதும். கண்ணு தானாப் போகும்.” பிறகு, “வேற ஏதாச்சும் தெரிஞ்சு வச்சிருக்கியா, இல்ல இவ்வளவுதானா?” என்றார்.

இவ்வளவுதாண்ணே என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

தையல் யூனிட்டுக்கே மறுபடி போனோம். அதே நாலு பேர். வர மாட்டோம் என்றவர்களை மேடம்தான் கெஞ்சிக் கூட்டி வந்தார். ‘நுனிப் பக்கம் இருப்பவர் இலையிலிருந்து ஒன்று எடு.’ ஒருவரும் நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை. ஒருவரும் எதையும் கேட்கவில்லை. வடை போனதற்குத் திட்டினார்கள், சாம்பார் திரும்பி வந்ததற்குச் சிரித்தார்கள். போன முறை எண் போடாமல் போனவர் ஜெயித்தார். சாப்பாட்டு நேரம் முடிந்து பெல் அடித்தது. “அக்கா, சூப்பர்வைசர் வரதுக்குள்ள இன்னொரு பந்தி போட்டுருவமா?” என்று அவரே அட்டைகளைக் கலைத்தார்.

எட்டு, ஒன்பது, எட்டு, ஒன்பது. குழப்பம் என்ற சொல் ஒரு தாளிலும் இல்லை.

ஹாரூன் அண்ணன் வரைந்த புதுப் படங்களையும் மேடம் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பழையதைவிட நன்றாக இருக்கின்றன. “அந்த ஆறு நாளுக்கு இதுவாவது மிஞ்சுச்சு,” என்றார் அண்ணன். டீ மூன்று வந்தது.

ஜூலை 10, வியாழன்

மேடம் கூப்பிட்டார். சனிக்கிழமை சிவகாசிக்கு நான் போக வேண்டுமாம். அச்சுக்கு முன்னால் ஒரு ஷீட் ஓட்டிக் காட்டுவார்கள், எழுத்தெழுத்தாகப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் மெஷினை விடுவார்கள்.

“நானா மேடம்?”

“வார்த்த உன்னுதுதானே. டிரெய்னி கையெழுத்த அவங்க எடுத்துக்க மாட்டாங்க. அதனால இத டைப் பண்ணிட்டேன்.” ஒரு கவரை நீட்டினார். “ஜூலை பத்துலருந்து பெர்மனன்ட். ஒண்ணு மட்டும் இதுல எழுதல, வாயால சொல்றேன். தப்புன்னு தெரிஞ்சா அன்னிக்கே சொல்லோணும். ஆறு நாள் கழிச்சு இல்ல.”

சரி மேடம் என்றேன். நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

வீட்டுக்குச் சொன்னேன். சிவகாசிதானே, ஒன்றரை மணி நேரம், நானும் வாரேன் என்றார் அப்பா. “பொட்டி எப்படி அடிக்காவன்னு பாத்துட்டு, அப்படியே ஒன்ன வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருதேன்.” வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 12, சனி

சங்கரன்கோவில் போகிற பஸ்ஸில் எழுதுகிறேன். கோடு கோணலாக வருகிறது.

அப்பா எனக்கு முன்னாலேயே அச்சக வாசலில் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஃபோர்மேன் சண்முகக்கனி அண்ணாச்சி ஷீட்டைப் பெரிய மேசையில் விரித்தார். ஐம்பத்து நான்கு அட்டையும் வெட்டாமல் ஒரே தாளில், மை இன்னும் மணந்தது. நான் ஸ்கேலை வைத்துக்கொண்டு முதல் வரிசையிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

அப்பா பின்னால் வந்து நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கட்டங்கட்டமா இருக்கே. இது எந்தப் பொட்டிக்கு?”

“பொட்டி இல்லப்பா.”

“பொறவு?”

“சீட்டு.”

மெஷின் ஒன்று எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்கேலை அசைக்கவில்லை. அப்பா என்னைப் பார்க்கவில்லை, தாளையே பார்த்தார். அவர் ஐந்தாவது வரைக்கும் படித்தவர். உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். “நு… னிப் பக்கம் இருப்பவர்… இலையிலிருந்து… ஒன்று எடு.”

பக்கத்துத் தாளில் இலை இருந்தது. அதைப் பார்த்தார். பின்னால் கட்டியிருந்த இடது கையை எடுத்து இடப்பக்கம் காட்டினார். “இந்தா, இங்கன இருக்கவன்ட்ட எடுக்கணும்.”

“ஆமாப்பா.”

“யாரு எழுதுனா?”

“நான்தான்.”

“வெளங்குது,” என்றார். “இதுல என்னத்தம்மா வச்சு வெளாடணும்?”

“ஒண்ணும் வைக்காண்டாம்ப்பா. சோறு கொழம்புதான்.”

“கையெழுத்துப் போடுங்கம்மா, மெஷின் சும்மா கெடக்கு,” என்றார் அண்ணாச்சி. எல்லா வரிசையும் படித்து முடிக்க இன்னும் அரைமணி நேரம் ஆனது. அவசரப்படவில்லை. பிறகு தாளின் ஓரத்தில் ‘சரி’ என்று எழுதி முழுப் பெயரையும் போட்டேன். மா. பேச்சியம்மாள். அண்ணாச்சி தாளைத் தூக்கிக்கொண்டு போனார். அப்பா அந்தத் தாள் போகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பஸ் ஏறி, ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, டிக்கெட் எடுத்த பிறகுதான் கேட்டார்.

“எத்தன பேரு ஒக்காரலாம்?”

“மூணு பேர்லருந்து ஆறு பேர் வரைக்கும்.”

விரலை மடக்கினார். “நீ, தம்பி, ஒங்கம்ம.” மூன்று விரலோடு கை நின்றது. பிறகு நாலாவதையும் மடக்கினார். “ஒங்கம்மட்ட நீயே சொல்லிரு. நான் சொன்னா அவ நம்ப மாட்டா.”

ராஜபாளையம் தாண்டிவிட்டது. அப்பா தூங்குகிறார், தலை என் தோளில் இடிக்கிறது. அம்மாவிடம் எந்தச் சொல்லில் தொடங்குவது என்று எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை நாலு எழுதிவிட்டேன். மூன்றாவது பரவாயில்லை.